போர்வை தோய்க்கத் தண்ணீர் வேண்டும்

நமது கிளைக் கூட்டம் ஒன்றில் நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறோம்.

சம்பளம், போனஸ், மருத்துவ விடுப்பு என்று வரிசையாகப் பேசி முடித்த பின், "வேறு யாருக்கேனும் பேச வேண்டியது உண்டா?" என்று வழக்கம்போல் கேட்டோம். பின்வரிசையில் அமர்ந்திருந்த பால்வெட்டுத் தொழிலாளியான ஓர் அம்மையார் எழுந்தார்.

"கிராணி ஐயா, எங்க லயத்துக்குக் காலையில ஆறு மணியிலேருந்து பத்து மணி வரைக்கும்தான் தண்ணி வருது. அந்த நேரத்துல நாங்க நிரையில நிக்கிறோம். வீட்டுக்கு வந்து குழாயத் தொறந்தா காத்துதான் வருது. போர்வை தோய்ச்சு மூணு வாரமாச்சு. சின்னவனுக்கு உடம்பெல்லாம் சொறி. இதுக்குச் சங்கம் என்ன செய்யும்?"

கூட்டத்தில் சிலர் சிரித்தனர். நாமும் புன்னகைத்தோம் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறோம். கூட்டக் குறிப்பில் 'பிற' என்ற தலைப்பின்கீழ், "தண்ணீர் பற்றி ஓர் உறுப்பினர் பேசினார்" என்று ஒரே வரி எழுதிப் புத்தகத்தை மூடினோம்.

மாதக் கடைசியில் செக்ரோல் கணக்கைக் கூட்டும்போது அந்த அம்மையாரின் பெயருக்கு நேரே மூன்று நாள் வேலையின்மை கண்டோம். விசாரித்ததில், பிள்ளையைச் சொறிக்கு மருந்து வாங்கப் பட்டணத்து மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்ற நாட்கள் அவை என்று தெரிந்தது. மூன்று நாட் சம்பளம் போயிற்று. பஸ் செலவு தனி. தோய்க்காத போர்வைக்கு அந்த வீடு கொடுத்த விலை அது. நாம் 'பிற' என்று ஒதுக்கியது சம்பள விஷயமே என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

சின்ன விஷயமா?

"சங்கம் சம்பளத்துக்குப் போராடுவதா, போர்வைக்குப் போராடுவதா?" என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றை நினைவூட்டுவோம். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர் நடத்திய வேலைநிறுத்தத்தில் சம்பள உயர்வு மட்டுமா கேட்டார்கள்? தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்று கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். சைக்கிளை விட்டு இறங்குவதால் காசு ஒன்றும் நட்டமில்லை. ஆனால் மனிதன் என்ற மதிப்பு நட்டம். அதனால்தான் அது கோரிக்கைப் பட்டியலில் இடம் பெற்றது.

படுக்கையும் அத்தகையதே. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கை மனிதன் படுக்கையில் கழிக்கிறான். காலை நான்கு மணிக்கு எழுந்து பிரட்டுக்குப் போகிறவனுக்கு உறக்கமே உரம். மூட்டைப்பூச்சி கடித்து இரவெல்லாம் புரண்டவன் விடியற்காலை இருட்டில் உளி பிடித்தால், பட்டையில் காயம் விழும். அதற்கும் அவன்மேல்தான் குற்றம் எழுதுவார்கள். ஆகவே படுக்கையின் சுத்தம் வீட்டுக்குள் அடங்கிய விஷயமன்று. அது பால்காட்டிலும் வந்து நிற்கிறது.

வாளிக் கணக்கு

கிராணி வேலை பார்ப்பவர்களுக்குக் கணக்குத்தானே ஆயுதம்? கணக்காகவே பார்ப்போம். ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தில் மூன்று படுக்கை விரிப்பு, மூன்று போர்வை, ஐந்து தலையணை உறை என்று வைத்துக்கொள்வோம். ஊறவைக்க, சவர்க்காரம் போட்டுத் தோம்ப, இரண்டு தடவை அலச, சிக்கனமாகப் பார்த்தாலும் 20 வாளித் தண்ணீர் பிடிக்கும். வாளிக்கு 10 லிட்டர் என்றால் 200 லிட்டர். வீட்டுக்குள் குழாய் ஓடினால் இது பெரிய காரியமன்று. லயத்துக் கோடியிலுள்ள பொதுக் குழாயிலிருந்து சுமக்க வேண்டுமானால், 200 கிலோ பாரம் ஒரு பெண்ணின் இடுப்பில் ஏறி இறங்குகிறது. அதற்கு முன்னரே அவர் காலையில் பால் வாளி தூக்கியாயிற்று.

அடுத்தது நேரக் கணக்கு. மழை பெய்தால் மரம் நனைந்துவிடும், பால் வெட்ட முடியாது, நாம் வீட்டில் இருப்போம். ஆனால் அன்று துணி காயாது. வெயில் அடித்தால் துணி காயும்; ஆனால் அன்று நாம் காட்டில் இருப்போம். பால் எடுத்து, நிறுத்து, ஒட்டுப்பால் ஒப்படைத்து, மதியம் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ வீடு திரும்பித் தோய்த்துப் போட்டால், நான்கு மணிக்கு வானம் கறுக்கிறது. நம் நாட்டின் பிற்பகல் மழையை அறியாதவர் யார்? அரைகுறையாகக் காய்ந்த விரிப்பை மடித்து வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சணம் பூக்கிறது, முடைநாற்றம் வீசுகிறது. "லயத்துக்காரர்களுக்குச் சுத்தம் தெரியாது" என்று பங்களாவிலிருந்து பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை என்றேனும் போட்டுப் பார்த்ததுண்டா? பங்களா விரிப்பைத் தோய்க்க ஒரு காலத்தில் டோபி இருந்தார். பிறகு இயந்திரம் வந்தது. லயத்து விரிப்புக்கு அன்றும் இன்றும் அதே இரண்டு கைகள்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்துக்கு வந்த திருத்தத்தால் 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. நல்ல செய்தி. ஆனால் குழாயடியில் கழியும் மணிகளை எந்தச் செக்ரோலிலும் எவரும் எழுதுவதில்லை. சட்டம் ஒதுக்கிய ஓய்வு நாள் நம் பெண்களுக்குத் தோய்ப்பு நாளாக மாறிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தொழிலாளர் வீட்டு வசதிக்கென்று 1966-ல் ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்ததே 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் எண் சட்டம். தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளருக்கு முதலாளி போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாக வழங்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளை. 'போதிய' என்ற சொல்லைத் தோழர்கள் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். ஆள் வீட்டில் இல்லாத நான்கு மணி நேரம் குழாயைத் திறந்துவிட்டு, ஆள் வரும் நேரத்தில் அடைப்பது போதிய தண்ணீரா? அதைக் கேட்கச் சங்கத்துக்கு உரிமை உண்டு. இலாகாவுக்கு எழுதவும் உரிமை உண்டு.

2019-ல் திருத்தப்பட்ட அச்சட்டமும், அதன்கீழ் 2020-ல் வந்த விதிகளும், பலர் கூடித் தங்கும் தொழிலாளர் விடுதிகளில் ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டில், நான்கு அங்குலத்துக்குக் குறையாத மெத்தை, தலையணை, போர்வை, பூட்டு வைத்த அலமாரி ஆகியவற்றை முதலாளி தர வேண்டும் என்று கூறுகின்றன. ஆக, படுக்கையும் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது! இனி எவரும் அதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. ஆனால் ஒரு போர்வை கொடுத்தால் கடமை முடிந்ததா? அதைத் தோய்த்துப் போட்ட அன்றிரவு அந்தத் தொழிலாளி எதைப் போர்த்துவான்? மாற்றுப் போர்வை இல்லாதவன் தோய்க்கவே மாட்டான். தோய்க்காத மெத்தையில் ஒருவன் போய் அடுத்தவன் வந்து படுத்தால், முன்னவனுடைய பூச்சியும் சிரங்கும் பின்னவனுக்குச் சொத்தாகும்.

நம்மவர் பலர் தோட்டத்தை விட்டுப் பட்டணம் போய்விட்டனர். அவர்கள் இருந்த லயங்களில் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் குடியிருக்கின்றனர். அன்று நம் பாட்டனார்கள் கப்பலில் வந்து இறங்கியபோது எந்த நிலையில் இருந்தார்களோ, அதே நிலையில் அவர்கள் இருக்கின்றனர். "அவன் படுக்கை நமக்கென்ன?" என்று கேட்பது பிழை. மூட்டைப்பூச்சிக்குப் பாஸ்போர்ட் கிடையாது. சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்கு வந்துவிடும்.

நம் பக்கத்துப் பிழைகள்

நிர்வாகத்தை மட்டும் குறை கூறிவிட்டு நம் முதுகை நாமே தட்டிக்கொள்வது முறையன்று. நம்மிடமும் பிழை உண்டு.

முதலாவது, தோய்ப்பது பெண்ணின் வேலை என்ற எண்ணம். கணவனும் மனைவியும் ஒரே பிரட்டில் பெயர் கொடுத்து, ஒரே காட்டில் வெட்டி, ஒரே நேரத்தில் வீடு திரும்புகிறார்கள். அவன் சாய்வு நாற்காலியில் அமர்கிறான். அவள் குழாயடிக்குப் போகிறாள். இதில் என்ன நியாயம்? நனைந்த போர்வையை ஒருவர் தனியே பிழிவது பெரும்பாடு. இருவர் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினால் நொடியில் முடியும். அந்த இரண்டாவது ஆள் ஏன் கணவனாக இருக்கக் கூடாது? சங்க மேடையில் சமத்துவம் பேசுகிற நாம் குழாயடிக்குப் போக வெட்கப்பட்டால், அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை.

இரண்டாவது, அழுக்கு வெளுப்பது தாழ்ந்த வேலை என்று சாதியின் பெயரால் வந்த பழைய நஞ்சு. கடல் கடந்து வந்த நம் முன்னோர் அதையும் மூட்டையில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். உழைத்து வாழ்பவனுக்கு இழிந்த வேலை என்று ஒன்று உண்டா? அழுக்கில் படுப்பது இழிவு. அழுக்கை அகற்றுவது இழிவன்று.

மூன்றாவது, வேலைத்துணியோடு படுக்கையில் சாய்வது. பாலும் ஒட்டுப்பாலும் பட்ட சட்டையின் நாற்றம் ஒருமுறை மெத்தையில் ஏறினால் இறங்குவது கடினம். மருந்து அடிக்கும் தொழிலாளர் இதில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். பாராகுவாட் களைக்கொல்லி நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. ஆயினும் வேறு களைக்கொல்லிகள் இருக்கத்தான் செய்கின்றன. மருந்தடித்த துணியைப் படுக்கைத் துணியோடும் குழந்தைகளின் துணியோடும் சேர்த்து ஊறவைக்கவே கூடாது.

வீட்டில் செய்யத்தக்கவை

நாம் கோரிக்கை வைக்கும் வரையில் சும்மா இருக்க வேண்டியதில்லை. செய்யக் கூடியவற்றைச் சொல்கிறோம்.

தலையணை உறையை வாரம் ஒரு தடவை மாற்றுக. தேங்காயெண்ணெய்க் கறை படிந்த இடத்தில் சவர்க்காரத்தை நேரே தேய்த்து, சிறிது நேரம் விட்டுப் பிறகு ஊறப் போடுக. விரிப்பை வாரம் ஒரு முறை, முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தோய்க்க வேண்டும். போர்வைக்கு மாதம் ஒரு முறையேனும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் குவிக்காமல், இன்று ஒரு கட்டில், நாளை மறுநாள் ஒரு கட்டில் என்று பிரித்துக்கொண்டால் தண்ணீரும் போதும், கொடியும் போதும்.

இரத்தக் கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர். சுடுநீர் பட்டால் கறை இறுகிவிடும். மரப்பால் துணியில் பட்டால் ஈரமாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரில் அலசிச் சவர்க்காரம் போட வேண்டும். காய்ந்துவிட்டால் அது ரப்பர். உரித்த மட்டும் உரித்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடுவதே நலம். பெட்ரோலால் துடைத்து அடுப்பங்கரையில் காயப்போட்டு வீட்டைக் கொளுத்திக்கொள்ள வேண்டாம்.

சொறி சிரங்கோ மூட்டைப்பூச்சியோ வந்த வீட்டில் சவர்க்காரம் மட்டும் போதாது, சூடு வேண்டும். 60 பாகைச் சூட்டில் தோய்த்தால் அவை மாளும். கொதித்த தண்ணீர் இரண்டு பங்கும் குழாய்த் தண்ணீர் ஒரு பங்கும் கலந்து, துணியைப் போட்டு, கழியால் அமுக்கி மூடி வைக்க வேண்டும். கையை விட வேண்டாம். பிள்ளைகளை அருகில் விடவும் வேண்டாம். சுடுநீரில் போட முடியாத கனத்த போர்வையைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால், மனித உடம்பு கிடைக்காத சொறிப்பூச்சி செத்துவிடும். மூட்டைப்பூச்சிக்கு இது பலிக்காது. அது மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும். கட்டிலின் மூலை முடுக்கெல்லாம் கொதிநீர் ஊற்ற வேண்டும். சொறிக்கு மருத்துவர் தரும் மருந்தை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நாளில் பூசி, அன்றே படுக்கைத் துணியையும் தோய்க்க வேண்டும். பிள்ளைக்கு மட்டும் பூசினால் சொறி சுற்றிச் சுற்றி வரும்.

மெத்தையையும் தலையணையையும் தண்ணீரில் போட முடியாது; வெயில்தான் அவற்றுக்கு வைத்தியம். ரப்பர் மரம் இலையுதிர்க்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நம் மேற்குக் கரைத் தோட்டங்களில் மழை குறைவு, பாலும் குறைவு. இலவம்பஞ்சு மெத்தையை வெளியே இழுத்து, இரு பக்கமும் நன்றாகக் காயவைத்துத் தட்ட அதைவிட நல்ல காலம் வாய்க்காது.

இனி ஓர் எச்சரிக்கை. வெள்ளைத் துணிக்குச் சிலர் குளோரின் மருந்து போடுகிறார்கள். தண்ணீரில் கலந்து அளவாகப் போடலாம். ஆனால் நம் வீடுகளில் ஓர் ஆபத்து உண்டு. பால் உறையாமலிருக்க அமோனியாவும், பால் உறையப் பார்மிக் அமிலமும் தோட்டத்தில் புழங்குகின்றன. அவை வந்த காலிக் கலங்களைத் தண்ணீர் பிடிக்கவும் துணி ஊறவைக்கவும் வீட்டுக்குக் கொண்டு வருவோர் இருக்கிறார்கள். குளோரின் மருந்து அமோனியாவோடு சேர்ந்தாலும், அமிலத்தோடு சேர்ந்தாலும் நச்சுப்புகை கிளம்பும். கதவடைத்த குளியலறையில் அது உயிருக்கே உலை வைக்கும். இரசாயனம் வந்த கலத்தை வீட்டு வாசற்படி ஏற்றாதீர்கள். ஓசியில் கிடைத்த பீப்பாய் என்று ஆசைப்பட வேண்டாம்.

சங்கம் கேட்க வேண்டியவை

நிர்வாகத்திடம் நாம் கேட்பது பங்களா வசதியன்று. தொழிலாளர் வீடு திரும்பும் மதியம் ஒரு மணி முதல் மாலை வரை குழாயில் தண்ணீர் வர வேண்டும். அதற்குப் பம்பு ஓடும் நேரத்தை மாற்றினாலே பெரும்பாலும் போதும். ஒவ்வொரு லயத்துக்கும் சிமெண்டுத் தோய்கல்லும் ஓடும் சாக்கடையும் வேண்டும். நாலு கால் நட்டுத் தகரம் வேய்ந்த, பக்கம் திறந்த ஒரு கொட்டகை வேண்டும். மழை வந்தாலும் துணி அதில் காற்றில் காயும். விடுதித் தொழிலாளருக்கு மாற்றுப் போர்வை ஒன்று வேண்டும்; புதியவர் வரும்போது மெத்தையைச் சோதித்துக் கொடுக்க வேண்டும். மருந்தடிப்போர் தம் வேலைத்துணியைக் கழற்றித் தோய்க்க வீட்டுக்கு வெளியே தனியிடம் வேண்டும். பட்டணங்களில் காசு போட்டால் தோய்த்து உலர்த்தித் தரும் இயந்திரக் கடைகள் பெருகிவிட்டன. பெரிய தோட்டங்களில் அத்தகைய இயந்திரம் இரண்டை வைத்தால் என்ன கெட்டுவிடும்?

"செலவு" என்று சொல்வார்கள். நாம் செக்ரோலைத் திறந்து காட்டுவோம். சொறிக்கும் சிரங்குக்கும் உறக்கமின்மைக்கும் போன ஆள் நாட்களைக் கூட்டிப் பார்க்கச் சொல்வோம். தகரக் கொட்டகைக்கு ஆகும் செலவு ஒருமுறைச் செலவு. வெட்டாமல் நின்ற மரத்தின் நட்டம் மாதந்தோறும் வருவது.

நமது கிளையின் அடுத்த கூட்டத்துக்கு அறிக்கை தயாராகிவிட்டது. முதல் விஷயம்: 'லயத்துத் தண்ணீர் நேரம்'. 'பிற' என்ற தலைப்பில் இம்முறை அதை எழுதவில்லை. சென்ற முறை எழுந்து கேட்ட அம்மையாரையே அதை முன்மொழியும்படி வேண்டியிருக்கிறோம். "நமக்கு மேடையில பேசத் தெரியாதுங்க, ஐயா" என்றார். "அம்மா, அன்னைக்குக் கேட்டீங்களே, அதையே கேளுங்க, அது போதும்" என்றோம்.

மற்றக் கிளைத் தோழர்களும் தத்தம் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். 'பிற' என்ற தலைப்பின்கீழ் எத்தனை பெண்களின் கேள்வி ஒரு வரியில் அடங்கிக் கிடக்கிறது என்று எண்ணுங்கள். அதை எடுத்து முதல் வரியில் வையுங்கள். கூட்டம் முடிந்து வீடு போனதும், தோழர்களே, போர்வையின் மறுமுனையைப் பிடியுங்கள்.